பரண்மேல் இருக்கும் காரீயம்



வீடு மந்திரிப்புக்காகத் தெருத் தெருவாக நடந்து செல்லும் ஒரு பங்குக்குரு, மக்களின் வாழ்வைப் பற்றிய எத்தனையோ செய்திகளைக் கேளாமலே அறிந்துகொள்கிறார். இவ்வாண்டு என் கண்ணில் பட்டவை பரண்கள். தீர்த்தம் தெளிக்க அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், கிறிஸ்துமஸ் குடில் சொரூபங்கள் வைத்த அட்டைப் பெட்டிக்கு அருகில், பழைய சேலையால் போர்த்தப்பட்டு, முதுகு புடைத்த ஒரு பெட்டி அமர்ந்திருந்தது. ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இதே காட்சிதான்.

தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி 2011 வரை இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி அது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதைப் பெற்றன. பிறகு தட்டையான பெட்டிகள் வந்தன. புடைத்த பெட்டிகள் பரணுக்கு ஏறின. அவற்றுக்குத் துணையாக 2011-க்குப் பின் வந்த மிக்சியும் மின்விசிறியும், பிள்ளைகள் பள்ளியில் பெற்ற மடிக்கணினிகளும் சேர்ந்துகொண்டன.

ஒரு விதவைத் தாயார் அப்பெட்டியைச் சுட்டிக்காட்டி, "படம் வர்றதில்லை சாமி. ஆனா போடவும் மனசு வரலை. அவரு கடைசியா வேளாங்கண்ணித் திருவிழாப் பூசை பார்த்தது அதுலதான்" என்றார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார் அருகில் நின்ற மருமகள். காயலான் கடைக்காரர் நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம்.

அந்த நூறு ரூபாயைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். இதில் நான் குற்றமற்றவனாக நின்று பேசவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குத் திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும் வேளையில், அறைவீட்டின் பின்கட்டை ஒழித்தோம். பழைய ஒலிபெருக்கிச் சாதனங்கள், கணினி வகுப்பு நடந்த காலத்துப் பெட்டிகள் நான்கு, தொலைக்காட்சிப் பெட்டிகள் இரண்டு, ஒரு சாக்கு நிறையப் பழுதான குழல்விளக்குகள் என்று வண்டி கொள்ளாத பொருள்கள். காயலான் கடைக்காரர் வந்து 1,100 ரூபாய் கொடுத்தார். திருவிழாக் கணக்கில் வரவு வைத்தேன். இடம் காலியானது, காசும் கிடைத்தது என்ற திருப்தி எனக்கு.

இரண்டு வாரம் சென்றிருக்கும். குளத்துக்கு அப்பால் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்றேன். திரும்பும்போது கரையோரமாகக் கரும்புகை எழுவதைக் கண்டேன். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் மின்கம்பிச் சுருளைத் தீயிலிட்டுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிலும் தடித்த கண்ணாடித் துண்டுகள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் மூடியில் எங்கள் ஆலயத்தின் பெயர் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு முன் இருந்த பங்குத் தந்தையின் கையெழுத்து அது.

சிறுவனும் எனக்குத் தெரிந்தவனே. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முன் வரிசையில் அமர்கிறவன். (இன்னார் என்று தேடாதீர்கள்.) "என்னப்பா செய்கிறாய்?" என்றேன். "கறுப்புப் புகை போயிட்டா செம்பு பளபளன்னு வரும் சாமி" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். காயலான் கடைக்காரரின் மகன் அவன்.

தகப்பனாரிடம் கோபமாகத்தான் பேசத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெட்டிக்கு உங்களுக்கு நூறு ரூபா குடுத்தேன் சாமி. செம்பையும் போர்டையும் பிரிச்சு வித்தாத்தான் எனக்கு அறுபதோ எழுபதோ மிஞ்சும். கண்ணாடியை எவனும் வாங்கமாட்டான். அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. விற்றவன் நான், விலை பேசியவனும் நான். கண்ணாடி எங்கே போகும் என்று ஒரு சொல் கேட்டேனா?

அந்தக் கண்ணாடியைப் பற்றி இப்போது சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பழைய தொலைக்காட்சியின் படக்குழாய் என்பது காற்று நீக்கப்பட்ட ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. அதனுள் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் திரையில் மோதும்போது சிறிதளவு எக்ஸ் கதிர்கள் உண்டாகும். அக்கதிர்கள் பார்ப்பவர்மீது படாமலிருக்க, பின்புறக் கூம்புக் கண்ணாடியில் காரீயத்தைச் சேர்த்தே வார்த்தார்கள். கூம்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காரீயம். பெட்டியின் அளவுக்கேற்ப அரைக் கிலோவிலிருந்து இரண்டு மூன்று கிலோ வரை இருக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் ஈயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வெள்ளீயம், இது வேறு உலோகம். மின்பலகையில் பற்றவைத்த பற்றாசிலும் பழைய பெட்டிகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு காரீயமே.

பரண்மேல் முழுதாக இருக்கும் பெட்டியால் உங்களுக்கு யாதொரு தீங்குமில்லை. கண்ணாடிக்குள் உருகிக் கலந்த காரீயம் தானாக வெளியே வராது. உடைத்து நொறுக்கும்போது எழும் தூசியிலும், குப்பைமேட்டின் புளித்த நீரில் துண்டுகள் ஊறும்போதும்தான் அது வெளிப்படுகிறது. முன்னெல்லாம் பழைய குழாய்களின் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் வார்த்தார்கள். புடைத்த பெட்டிகள் செய்வாரே இல்லாமற்போன பின் அக்கண்ணாடிக்குக் கேட்பார் இல்லை. ஆகவே செம்பு சந்தைக்குப் போகிறது. கண்ணாடி குளக்கரைக்குப் போகிறது.

உடலுக்குள் சென்ற காரீயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பில் சேமித்து வைக்கிறது. விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடல் ஏற்பதைப்போல் நான்கு ஐந்து மடங்கைக் குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்ளும். வளரும் மூளையை அது தாக்குகிறது. கவனமும் கற்கும் திறனும் குன்றுகின்றன. இன்ன அளவு வரை அச்சமில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்கவேண்டும் என்று 2021-இல் அந்நிறுவனம் வழிகாட்டியது.

அச்சிறுவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தசோகை தெரிகிறது என்று சொல்லி, இரத்தம் எடுத்து நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது அந்த ஐந்து என்னும் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. மருந்தைவிட முக்கியம் தூசியையும் புகையையும் உடனே நிறுத்துவதுதான் என்றார் மருத்துவர். கீரை, முட்டை, பால் கொடுக்கச் சொன்னார். வகுப்பில் அவன் மனப்பாடம் ஒப்புவிக்கத் திணறியபோதெல்லாம் "விளையாட்டுப் புத்தி" என்று நான் கடிந்திருக்கிறேன். காரணம் இதுதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன்பின் நான் அவனைக் கடிந்ததில்லை.

கம்பியை எரிப்பது கண்ணாடியை உடைப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று. கம்பியின் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. திறந்த வெளியில் அரைகுறையாக எரியும்போது, உள்ளிருக்கும் செம்பும் துணைசெய்ய, டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உருவாகிறது. அது புகையோடு மறைந்துவிடுவதில்லை. மண்ணிலும் புல்லிலும் படிந்து, மேயும் ஆட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் கொழுப்போடு சேர்கிறது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தலைநகரான அக்ராவில் அக்பொக்புளோஷி என்ற இடம் நெடுங்காலம் கம்பி எரிப்போரின் களமாக இருந்தது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டபோது, பாதுகாப்பான அளவைவிடப் பன்மடங்கு டையாக்சின் அவற்றில் இருந்தது. 2021-இல் அரசு அவ்விடத்தை இடித்துத் தள்ளியது.

சீனாவின் குய்யூ நகரிலும் வீட்டுக்கு வீடு இத்தொழிலே நடந்தது. அங்குள்ள சிறு பிள்ளைகளின் இரத்தத்தில் சராசரியாக 15 மைக்ரோகிராம் காரீயம் இருந்ததென்றும், இத்தொழில் நடவாத அண்டை ஊரில் அது 10-க்குச் சற்றுக் குறைவென்றும் 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன மொராதாபாத்தில், மின்பலகைகளை எரித்த கருஞ்சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்து கிடக்க, 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியதாயிற்று. எங்கள் குளக்கரை எவ்வளவோ சிறியது. ஆனால் அந்த ஊர்களும் ஒரு நாளில் அந்த நிலையை அடையவில்லை.

உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியை மாசுபடுத்தும் கழிவுகளை எடுத்துரைக்கும்போது மின்னணுக் கழிவையும் சேர்த்தே குறிப்பிட்டார். அப்பகுதியை நான் மறையுரையில் விளக்கியும் இருக்கிறேன். விளக்கிய பிறகுதான் அந்த 1,100 ரூபாயையும் வாங்கினேன்!

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். 2012-இலிருந்தே நம் நாட்டில் இதற்கென விதிகள் உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பவை 2022-இல் வகுக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் செயல்படும் விதிகள். பொருளைச் செய்து விற்ற நிறுவனமே அது கழிவான பின்பும் பொறுப்பேற்று, அரசிடம் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்தின் வழியே குறிப்பிட்ட பங்கை மீட்கச் செய்யவேண்டும் என்பது அதன் சாரம். முன்பு 21 வகைப் பொருள்களுக்கு இருந்த விதி இப்போது 106 வகைகளுக்கு விரிந்துள்ளது. நல்ல சட்டமே. ஆயினும் எங்கள் ஒன்றியத்தில் எந்த நிறுவனமும் ஒரு சேகரிப்புப் பெட்டி வைத்ததை நான் இன்றுவரை கண்டதில்லை. விற்பதற்கு மட்டும் எட்டுக் கடைகள் இருக்கின்றன.

பதிவுபெற்ற நிலையங்களின் பட்டியல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். எங்கள் இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து, எங்களுக்கு அண்மையில் உள்ள நிலையத்தாரிடம் பேசினார்கள். அண்மை என்பது 140 கிலோமீட்டர்! ஒரு டன்னுக்குக் குறையாமல் சேர்ந்தால் வண்டி அனுப்புவோம் என்றார்கள். ஒரு குடும்பத்தால் ஆகாது. ஒரு பங்கினாலும் ஆகாது. மறைவட்டத்தின் நான்கு பங்குகள் சேர்ந்தோம். பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாத்தாரும் மாரியம்மன் கோவில் தெருவினரும் "எங்கள் வீட்டிலும் கிடக்கிறதே" என்று கொண்டுவந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றரை டன் சேர்ந்தது.

இதில் எனக்குப் பெருங்கவலை காயலான் கடைக்காரரின் பிழைப்பைப் பற்றியதே. அவரை விலக்கிவிட்டு ஊரைத் தூய்மை செய்வது நியாயமாகாது. இத்தனை காலமும் நம் வீட்டு இரும்பையும் காகிதத்தையும் கெடாமல் மீட்டுத் தந்தவர் அவர்தாம். எந்தச் சந்தில் என்ன கிடக்கிறது என்று அவர் அறிவார், எங்களுக்குத் தெரியாது. ஆகவே வீடுகளிலிருந்து எடுத்து வந்து சேர்க்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம். கிலோவுக்கு இவ்வளவு கூலி. உடைக்கக்கூடாது, பிரிக்கக்கூடாது, எரிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். முதல் வாரம் இரண்டு பெட்டிகளில் செம்புச் சுருள் காணவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கூலியைச் சிறிது உயர்த்தினோம். அடுத்த வாரம் எல்லாம் முழுதாக வந்தன.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. நிலையத்தார் படக்குழாய்ப் பெட்டிக்குக் காசு தர இயலாது என்றார்கள். அடைத்த அறையில் கூம்பையும் முன்கண்ணாடியையும் தனியே பிரித்து, உட்பூச்சுத் தூளை உறிஞ்சியெடுத்து, காரீயக் கண்ணாடியை உலைக்கு அனுப்ப அவர்களுக்கே செலவு பிடிக்கிறது. கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் கிடைத்த தொகை கூலிக்கும் சுமைக்கும் சரியாகப் போயிற்று. ஆகவே கொடுத்த குடும்பங்களுக்கு ஒரு காசும் திரும்பவில்லை. "நூறு ரூபாய் வந்திருக்குமே சாமி" என்று முறையிட்டவர்கள் உண்டு. வரவுக்கும் செலவுக்கும் முட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் நூறு ரூபாய் சிறிதன்று. ஆனால் அந்த நூறு ரூபாயை உண்மையில் கொடுப்பவர் கடைக்காரர் அல்லர், தீயருகே நிற்கும் அவர் பிள்ளை என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் அவர்களுக்கு ஒத்துப்பேச என்னால் இயலவில்லை.

மற்றப் பொருள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், பழுதானதெல்லாம் கழிவன்று. குருமடத்தில் பயின்ற நாள்களில் வேரித்தாஸ் வானொலியைக் கேட்ட என் சிறிய டிரான்சிஸ்டரை இருமுறை பழுதுபார்த்திருக்கிறேன். சிற்றலை ஒலிபரப்பு 2018-இல் நின்றுவிட்டது; பெட்டியோ இன்றும் உள்ளூர்ச் செய்தி சொல்கிறது. மிக்சிக்கும் மின்விசிறிக்கும் ஒரு புஷ்ஷோ ஒரு கப்பாசிட்டரோ போதும். பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் எதையும் கழிக்காதீர்கள்.

கைபேசியைக் கொடுக்குமுன் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, உள்ளிருப்பதை முற்றிலும் அழித்துவிடுங்கள். கோலார் தங்கவயலில் நம் உறவினர் எத்தனையோ பேர் உழைத்தனர். 2001-இல் அது மூடப்பட்ட காலத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் கிடைத்தது சில கிராம் தங்கமே. ஒரு டன் பழைய கைபேசிகளில் அதைவிடப் பன்மடங்கு தங்கம் உண்டு. ஜப்பானியர் 2017 முதல் 2019 வரை நாடெங்கும் பழைய கருவிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்து பெற்ற 32 கிலோ தங்கத்தையும் வெள்ளியையும் வெண்கலத்தையும் கொண்டே டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் அனைத்தையும் வார்த்தார்கள். அலமாரியில் உறங்கும் கைபேசியை அற்பமாக எண்ண வேண்டாம்.

உப்பிப்போன கைபேசி பேட்டரியை அழுத்தவோ துளைக்கவோ கூடாது, தீப்பற்றும். தனியே ஒரு மண் சட்டியில் மணலிட்டு வைத்து, கையோடு சேர்ப்பித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எடை கூடும் என்று அமிலத்தை யாரும் வாய்க்காலில் கொட்டவேண்டாம். குழல்விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி, கால் மணி நேரம் கழித்துத் துடைப்பம் தொடாமல் கெட்டி அட்டையால் வாரி, ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள புட்டியில் அடைத்துவையுங்கள்.

பொத்தான் வடிவப் பேட்டரியைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடிகாரம், பொம்மை, ரிமோட் ஆகியவற்றில் இருப்பது. பழையது என்று மேசைமேல் கழற்றி வைக்கிறோம், குழந்தை விழுங்கிவிடுகிறது. தீர்ந்துபோன பேட்டரியிலும், உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மீந்திருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்; வாந்தியெடுக்க வைக்காதீர்கள். கழற்றியவுடன் இருபுறமும் ஒட்டுத்தாள் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் போட்டுவிடுவது நலம்.

சேகரிக்கிறோம் என்று சொல்லி வருவோர் எல்லாரும் பதிவுபெற்றவர்கள் அல்லர். பதிவெண் அச்சிட்ட ரசீதைக் கேளுங்கள். அதை வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். உங்கள் பங்கில் இதைத் தொடங்க விரும்பினால், அண்டைப் பங்குகளையும் ஊர்த் தலைவரையும் முதலில் கலந்துகொள்ளுங்கள். பொருள்களை மழை படாத இடத்தில் வையுங்கள். எங்கள் அனுபவத்தில் ஆண்டுக்கு இருமுறை என்பது போதுமானதாக இருக்கிறது. அடுத்த சேகரிப்பைத் திருவருகைக் காலத்துக்கு முன், குடிலை இறக்கப் பரணில் ஏறும் நாள்களில் வைத்திருக்கிறோம்.

குளக்கரையில் சிதறிய கண்ணாடியை இளைஞர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து பொறுக்கினார்கள். மூன்று சாக்கு தேறியது. மண்ணோடு கலந்த பொடியை எவராலும் பொறுக்க முடியவில்லை. சிறுவனுக்கு ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது அளவு குறைந்திருந்தது. இன்னும் ஐந்துக்குக் கீழே வரவில்லை. அடுத்த சோதனை வருகிற மாதம்.

அந்த விதவைத் தாயாரின் பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. முழுதாக இருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்யாது என்று மருமகளிடம் விளக்கினேன். மனம் ஒப்பும்போது கொடுங்கள், அவசரமில்லை அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.